மாதாமாதம் வரும் வயிற்றுவலி: பிஸ்கட் டின்னில் விழுந்த கேள்விகள்

நான் பிறந்தது இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில். இருபது வருஷத்துக்கு மேல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நர்சாக வேலை பார்த்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறேன். ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கம் பள்ளிக்கூடங்களில் கூப்பிட்டால் போய்ப் பெரிய வகுப்புப் பெண்பிள்ளைகளோடு மாதவிடாய் பற்றிப் பேசுவேன். "ஏதாவது கேள்வி இருக்கா?" என்று கேட்டால் நாற்பது பிள்ளைகளும் தரையைத்தான் பார்ப்பார்கள். அதனால் ஒரு பழைய பிஸ்கட் டின் மூடியில் ஓட்டை போட்டு, பேர் எழுதாமல் சீட்டு மட்டும் போடச் சொன்னேன். அப்புறம் டின் மூடவே இல்லை. அம்மாமார் போட்டார்கள், டீச்சர்மார் போட்டார்கள், ஒரு தகப்பனும் போட்டிருந்தார். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அந்த நாளில் ஏன் அக்கா இப்படி வலிக்குது? உள்ளே ஏதாவது புண் இருக்குமா?

பெரும்பாலும் புண் ஒன்றும் இல்லை. கர்ப்பப்பை என்பது கைமுட்டி அளவு தசைப்பை. மாதாமாதம் அதன் உட்புறத்தில் ஒரு மெத்தை போல வளர்ந்து, கரு தங்காவிட்டால் கழன்று இரத்தத்தோடு வெளியே வருகிறது. அப்படிக் கழலும்போது அதிலிருந்து புரொஸ்டாகிளாண்டின் என்ற இரசாயனம் சுரக்கிறது. அதுதான் கர்ப்பப்பையைப் பிழி பிழி என்று பிழிய வைக்கிறது. ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். பிழியும் நேரத்தில் அந்தத் தசைக்கு வரும் இரத்த ஓட்டம் குறைகிறது, அதில்தான் வலி. சுரப்பு கூடின பிள்ளைக்கு வலியும் கூட.

அந்த இரசாயனம் வயிற்றோடு நிற்காமல் இரத்தத்தில் கலந்து குடலையும் தொடுவதால்தான் சிலருக்கு அன்றைக்கு வயிற்றோட்டம், வாந்தி, தலையிடி, கைகால் குளிர்ந்து மயக்கம் எல்லாம் வருகிறது. "நேத்து சாப்பிட்ட ரொட்டி ஒத்துக்கலை" என்று ரொட்டி மேல் பழி போடுவோம்.

இடுப்பு, முதுகின் கீழ்ப்பகுதி, தொடை உட்புறம் இழுப்பதும் இதே வலிதான். இரத்தம் படுவதற்குச் சில மணிநேரம் முன்போ, பட்டவுடனேயோ தொடங்கி ஒரு நாள், இரண்டு நாள், கூடிப்போனால் மூன்று நாளில் அடங்கிவிடும்.

வயசுக்கு வந்து ஒரு வருஷம் எம்மகளுக்கு வலியே இல்லை. இப்போ துடிக்கிறாள். சடங்குக்கு வந்தவங்க கண்ணூறா?

இல்லையம்மா. முதல் வருஷம் பல பிள்ளைகளுக்கு இரத்தம் மட்டும் படும், முட்டை ஒழுங்காக வெளிவராது. முட்டை வராத மாதத்தில் அந்தச் சுரப்பும் குறைவு. ஆறு மாதம், ஒரு வருஷம் போய் முட்டை ஒழுங்காக வரத் தொடங்கும்போதுதான் வலியும் வரும். உங்கள் மகளின் உடம்பு பழகி வருகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கண்ணூறு கழிப்பதென்றால் கழியுங்கள், மிளகாய் நெருப்பில் போடுவதை நான் தடுக்கவில்லை. அதோடு கீழே சொல்லும் மாத்திரையையும் கொடுங்கள்.

முதல் மாதத்திலிருந்தே கடும் வலி என்றால் அது வேறு கதை. அதைப் பிறகு சொல்கிறேன்.

எவ்வளவு வலி 'சாதாரணம்'? எல்லாரும் தாங்குறாங்களே?

எல்லோரும் தாங்கவில்லை, சொல்லவில்லை, அவ்வளவுதான். எனக்கும் என் அம்மா "இது பொம்பளைக்கு எழுதினது" என்று சொல்லித்தான் வளர்த்தார், அவருக்கு அவர் அம்மா சொன்னது. வலிக்கு அளவுகோல் இல்லை. நான் கேட்பது இவைதான்: பள்ளிக்கூடத்துக்குப் போக முடிகிறதா? இரவில் தூங்க முடிகிறதா? மாத்திரை போட்டால் குறைகிறதா? ஓரளவு வலித்தாலும் வழக்கமான வேலை நடந்தால் சரி. மாதாமாதம் ஒரு நாள், இரண்டு நாள் பாடம் போகிறது, சுருண்டு படுக்கிறாள், மாத்திரைக்கும் கேட்கவில்லை என்றால், 'சாதாரணம்' என்ற சொல்லை விட்டுவிட்டு வைத்தியம் பார்க்கவேண்டும். வருஷம் 12 தடவை, தடவைக்கு இரண்டு நாள், கணக்குப் போட்டால் 24 நாள். சாதாரணதரப் பரீட்சை எழுதும் பிள்ளைக்கு அது சின்னக் கணக்கு இல்லை.

என்ன மாத்திரை போடலாம்? போட்டும் கேட்கலையே?

டின்னில் அதிகமாக வந்த கேள்வி இதுதான், ஆகவே கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன்.

நம் வீடுகளில் எல்லா நோவுக்கும் பனடோல்தான், அதாவது பரசிட்டமோல். அது கெட்டதில்லை, சிலருக்குப் போதும். ஆனால் இந்த வலிக்கு அதைவிட நன்றாகக் கேட்பது இபுப்ரோபன், மெபனமிக் அசிட் போன்ற மாத்திரைகள். இந்த வகை மாத்திரைகள் வேலை செய்வதே புரொஸ்டாகிளாண்டினை உடம்பு உண்டாக்கவிடாமல் தடுத்துத்தான் என்று ஜோன் வேன் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி 1971இல் காட்டினார், 1982இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உண்டாக்குவதைத் தடுக்கிற மாத்திரையை எல்லாம் உண்டாகி முடிந்த பிறகு போட்டு என்ன பயன்? ஒரு பிள்ளை என்னிடம் சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது: "விடியக்காலம் தொடங்கும் அக்கா, பத்து மணி மட்டும் பல்லைக் கடிச்சுப் பார்ப்பேன், அதுக்குப் பிறகும் தாங்காட்டித்தான் மாத்திரை, அதையும் வாந்தி எடுத்துருவேன்." மாத்திரை சரி, நேரம்தான் பிழை. வலி உச்சிக்குப் போய், வாந்தியும் வந்த பிறகு மாத்திரை வயிற்றில் தங்கவே தங்காது. இரத்தம் பட்டவுடன், அல்லது 'இன்றைக்கு வரும்' என்று உடம்பு சொன்னவுடன், வலி இலேசாக இருக்கும்போதே முதல் மாத்திரையைப் போடவேண்டும். நாள் ஒழுங்காக வருகிற பிள்ளை அது வருவதற்கு முதல் நாளே தொடங்கலாம். பிறகு வலிக்கும்போது மட்டும் ஒன்று என்று இல்லாமல், முதல் ஒன்றிரண்டு நாள் நேரம் பார்த்துப் போடவேண்டும்.

அளவு: 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு வழக்கமாக இபுப்ரோபன் 200 முதல் 400 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை. அல்லது மெபனமிக் அசிட் 500 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை. இரண்டில் ஒன்று மட்டும், சேர்த்துப் போடக்கூடாது. இரண்டும் ஒரே வகை. அம்மாவின் முழங்கால் வலிக்குக் கொடுத்த டைக்ளோபினக்கும் அதே வகைதான், அதையும் கூடச் சேர்க்காதீர்கள். பரசிட்டமோல் வேறு வகை என்பதால் தேவைப்பட்டால் அதனோடு சேர்க்கலாம். மூன்று நாளுக்கு மேல் இழுக்க வேண்டாம். நம் தோட்டங்களில் பதினான்கு வயதிலும் முப்பது கிலோ எடையில் பிள்ளைகள் இருக்கிறார்கள், அப்படிப்பட்ட பிள்ளைக்கு முதல் தடவை டொக்டரிடம் காட்டி அளவு கேட்டுக்கொள்ளுங்கள்.

வெறும் வயிற்றில் போடக்கூடாது. சாயத்தண்ணியை மட்டும் குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் ஓடுகிற பிள்ளைகள்தான் கூட, அவர்களுக்குச் சொல்கிறேன்: அரை ரொட்டியாவது, இரண்டு பிஸ்கட்டாவது உள்ளே போகட்டும். இளைப்பு நோய் (ஆஸ்துமா), வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், முன்பு இந்த மாத்திரைக்குத் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்தவர்கள் டொக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம். 16 வயதுக்குக் கீழே அஸ்பிரின் வேண்டவே வேண்டாம்.

முக்கியமான இன்னொன்று. காய்ச்சல் இருந்தால் இபுப்ரோபன், மெபனமிக், டைக்ளோபினக் எதுவும் கூடாது, ஏனென்றால் அது டெங்குவாக இருந்தால் இந்த மாத்திரைகள் இரத்தப்போக்கைக் கூட்டிவிடும். மலையில் குளிர், டெங்கு வராது என்று இருக்காதீர்கள், கொழும்பில் கடையில் நிற்கிற அண்ணன் தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது கொண்டுவரலாம். காய்ச்சலோடு மாதவிடாயும் வந்தால் பரசிட்டமோல் மட்டும், அதோடு இரத்தப் பரிசோதனை.

மாத்திரை போட்டால் பழகிப்போகும், பிறகு பிள்ளை தங்காது என்று அம்மாச்சி சொல்றாங்க.

மாதத்தில் இரண்டு நாள் போடும் இந்த மாத்திரைக்கு உடம்பு அடிமையாவதில்லை. கர்ப்பப்பையை அது வற்றவைப்பதும் இல்லை. அடுத்த மாதம் அதே அளவே போதும்.

அம்மாச்சி இன்னொன்றும் சொல்லியிருப்பார்: "கல்யாணம் கட்டி ஒரு பிள்ளை பெத்தா வலி போயிரும்." பிள்ளை பெற்ற பிறகு சிலருக்குக் குறைவது உண்மைதான், எல்லோருக்கும் இல்லை. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது வைத்தியமும் இல்லை.

டொக்டர் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு இதைக் கொடுக்கலாமா?

அந்தப் பேர்தான் பிரச்சினை. மாத்திரையில் இருப்பது ஹோர்மோன். அது முட்டை வருவதை நிறுத்தி, கர்ப்பப்பைக்குள் வளரும் மெத்தையை மெல்லிசாக்கும், ஆகவே சுரப்பும் குறையும், வலியும் குறையும், இரத்தமும் குறையும். வலி மாத்திரைக்குக் கேட்காத பிள்ளைகளுக்கு உலகம் முழுக்க இதைத்தான் அடுத்ததாகக் கொடுக்கிறார்கள். நிறுத்தினால் பழைய ஒழுங்குக்கு வந்துவிடும், பின்னால் பிள்ளை பெறுவதற்குத் தடை இல்லை. கண் முன் மின்னலடித்து வரும் ஒற்றைத் தலைவலி, வீட்டில் யாருக்காவது இரத்தம் கட்டிய வரலாறு இருந்தால் டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், மாத்திரையை மாற்றுவார். பக்கத்து வீட்டு அக்காவின் அட்டையை வாங்கிப் போடுகிற வேலை மட்டும் வேண்டாம்.

கோயில் தேர் வருது, பரீட்சையும் வருது. நாளைத் தள்ளிப்போட மாத்திரை இருக்காமே?

இருக்கிறது, நோரெதிஸ்டெரோன். நாள் வருவதற்கு மூன்று நாள் முன்பே தொடங்கவேண்டும், வந்த பிறகு போட்டு நிறுத்த முடியாது. பாமசியில் கேட்டு வாங்காமல் டொக்டரிடம் கேட்டுப் போடுங்கள். தேருக்காக ஒவ்வொரு வருஷமும் போடுவதில் எனக்கு மனமில்லை, பரீட்சைக்கு என்றால் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. சில பிள்ளைகள் நாளைத் தள்ளிப்போடுவதைவிட, இரத்தம் பட்டவுடன் வலி மாத்திரை சரியாகப் போட்டாலே பரீட்சை எழுதிவிடலாம் என்பதுதான் என் அனுபவம்.

கைவைத்தியம் எது உண்மையில் உதவும்?

சூடு. அடிவயிற்றில் தாங்கக்கூடிய சூடு வைத்தால் தசை தளர்ந்து வலி இறங்கும், சில ஆய்வுகளில் இபுப்ரோபனுக்குக் கிட்டத்தட்டச் சமமாகவே வேலை செய்திருக்கிறது. சுடுதண்ணிப் பை பாமசியில் கிடைக்கும். இல்லாத வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அப்பாவின் காலிச் சாராயப் போத்தலைக் கழுவி, அடுப்பிலிருந்து இறக்கிய தண்ணியை அப்படியே ஊற்றி, பாவாடைக்குள் வைத்துக்கொண்டு படுப்போம். குளிர்ந்த போத்தலில் கொதிதண்ணி விட்டால் விரிசல் விழும். தொடை வெந்து ஆஸ்பத்திரிக்கு வந்த பிள்ளைக்கு நானே மருந்து கட்டியிருக்கிறேன், அவள் வயிற்றுவலியை மறந்தே போயிருந்தாள். போத்தல்தான் என்றால் தண்ணியைக் கொஞ்சம் ஆறவிட்டு ஊற்றி, தடித்த துவாயில் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். அதைவிட நல்லது, பழைய காலுறையில் அரிசியைப் போட்டுக் கட்டி, காய்ந்த தாச்சியில் புரட்டிப் புரட்டிச் சூடாக்கி வைப்பது. முதலில் உங்கள் கையில் வைத்துப் பாருங்கள். சூட்டோடு தூங்கிப் போகவேண்டாம்.

இஞ்சி ஓரளவு உதவுகிறது. முதல் மூன்று நான்கு நாள் இஞ்சிப் பொடி கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் வலி குறைந்திருக்கிறது. கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்த தண்ணி நம் வீடுகளில் தடிமனுக்கு எப்படியும் இருக்கும், அதைச் சூடாகக் குடியுங்கள். வெந்தயம், ஓமம், பெருங்காயம் எல்லாம் ஒருவருக்குக் கேட்கும், ஒருவருக்குக் கேட்காது, கெடுதல் இல்லை. யாரோ பொட்டலத்தில் கட்டிக் கொடுக்கும், பேர் தெரியாத தூள் வேண்டாம்.

குளிக்கலாமா? தலையில் தண்ணி ஊத்தினால் இரத்தம் கட்டிவிடுமா?

கட்டாது. தாராளமாகக் குளிக்கலாம், தலையும் முழுகலாம். பீலித்தண்ணி பனிக்கட்டி மாதிரி இருக்கிற ஊரில் சுடுதண்ணி வைத்துக் குளித்தால் வலிக்கும் சுகம்.

தீட்டு என்று தனியாகக் கீழே படுக்க வைக்கிறோம். அதனால் ஏதும் வருமா?

உங்கள் வழக்கத்தைப் பற்றி நான் பேசவரவில்லை, ஆனால் மார்கழிப் பனியில் சிமெண்டுத் தரையில் ஒரு சாக்கை விரித்துப் படுக்கும் பிள்ளைக்கு வலி குறையாது. சூடுதான் மருந்து என்று மேலே சொன்னேன். கட்டிலும் கம்பளியும் அவளுக்குத்தான் அன்றைக்குத் தேவை. எந்தச் சாமியும் கோபிக்காது என்பது என் எண்ணம், உங்களுக்கு வேறு எண்ணம் இருந்தால் இரண்டு கம்பளியாவது கொடுங்கள்.

விளையாட்டு, உடற்பயிற்சி?

செய்யலாம், செய்தால் நல்லது. வாரத்தில் மூன்று நாள், நாளைக்கு முக்கால் மணிநேரம் அளவில் உடம்பை அசைத்து வந்தவர்களுக்கு வலி குறைந்திருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு மேடேறி இறங்கும் பிள்ளைகளுக்குப் பாதி அதிலேயே முடிந்துவிட்டது. வலி கடுமையான அன்றைக்கு ஓடச்சொல்லி வற்புறுத்தவேண்டாம்.

கொழுந்து எடுக்கப் போகிறேன், 18 வயசு. அன்றைக்கு வேலைக்குப் போகாமல் நின்றால் பேர் (நாள் சம்பளம்) போகும், போனால் நிற்க முடியாது.

இந்தச் சீட்டை எழுதிய தங்கச்சிக்கு: 'படுத்து ஓய்வெடு' என்று எழுத எனக்கு வாய் வரவில்லை, அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், போட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்று தெரியும். காலைப் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கும் நேரத்துக்கு) முன் ரொட்டி சாப்பிட்டு மாத்திரையைப் போடு, மத்தியானச் சாப்பாட்டோடு அடுத்ததைப் போடு. தண்ணிப் போத்தல் கொண்டுபோ. மலையில் டொய்லெட் இல்லை என்று தண்ணி குடிக்காமல் இருப்பார்கள், அது தலையிடியையும் கூட்டும், அந்த மாத்திரை போடும்போது சிறுநீரகத்துக்கும் கூடாது. சானிட்டரி பேட்டை நான்கு முதல் ஆறு மணிநேரத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும், மழையில் நனைந்தால் அப்போதே. முடிந்தால் அன்றைக்குக் கொழுந்தை அடிக்கடி நிறுத்துப் போட்டுவிடு, தலையில் கூடைக் கயிறு இழுக்க இழுக்க இடுப்பு இன்னும் பிடித்துக்கொள்ளும். பெண் கங்காணி இருந்தால் சொல்லி வை.

உளுந்தங்களி, பச்சை முட்டை, நல்லெண்ணெய் கொடுத்தால் வலி வராதா?

வலிக்கு மருந்து என்று சொல்லமாட்டேன், ஆனால் உளுந்தும் முட்டையும் நல்ல சாப்பாடு. முட்டையை அவித்துக் கொடுங்கள், பச்சையாகக் குடித்தால் கிருமி தொற்றி வாந்தி பேதி வரலாம். எண்ணெயை அளவாக, பிள்ளை ஓங்கரிக்கும்வரை ஊற்றவேண்டாம்.

சாப்பாட்டில் நான் பயப்படுவது வேறொன்றுக்கு: இரத்தச்சோகை. மாதாமாதம் இரத்தம் போகிறது, சாப்பாட்டில் இரும்புச்சத்து குறைவு, அதோடு சோற்றைச் சாப்பிட்ட கையோடு ஒரு கோப்பைத் தேத்தண்ணி. தேயிலையில் இருக்கும் துவர்ப்பு இரும்புச்சத்தைக் குடல் உறிஞ்சவிடாமல் பிடித்துக்கொள்கிறது. உலகத்துக்கே தேயிலை பறித்துக் கொடுக்கிற நம் பிள்ளைகளின் இரத்தத்தையே அது குறைக்கிறது பாருங்கள். தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை, சாப்பாட்டுக்கு ஒரு மணிநேரம் முன்போ பின்போ குடியுங்கள். நெத்தலி, ஈரல், பருப்பு, கௌபி, கீரை சேருங்கள், மேலே தேசிக்காய் பிழியுங்கள், அல்லது ஒரு கொய்யா தின்னட்டும், அது இரும்பை உள்ளே இழுக்கும். பள்ளிக்கூடத்தில் வாரத்துக்கு ஒன்று கொடுக்கிற இரும்பு மாத்திரையை ஜன்னலால் வீசவேண்டாம், நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்திருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் திடீரென்று வந்தால்?

பையின் அடியில் ஒரு சின்ன உறை: இரண்டு பேட், ஒரு உள்ளாடை, பேப்பர், மாத்திரை இரண்டு, பிஸ்கட் ஒரு பக்கட். யாரிடம் சொல்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள், ஒரு டீச்சராவது இருப்பார்.

நான் போன ஒரு பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளின் டொய்லெட் பூட்டியிருந்தது. சாவி அதிபரின் மேசையில், அதிபர் ஆண். எந்தப் பிள்ளை போய்க் கேட்பாள்? கேட்காமல் காலை ஏழரையிலிருந்து ஒன்றரை வரை ஒரே பேட்டோடு இருந்தார்கள், இல்லாவிட்டால் வரவே இல்லை. நான் பேசியதைவிட, ஒரு டீச்சர் அந்தச் சாவியை வாங்கித் தன் வகுப்புக் கதவில் ஆணியடித்துத் தொங்கவிட்டதுதான் பெரிய வேலை.

டொக்டரிடம் எப்போது போகவேண்டும்?

மாத்திரையைச் சரியான நேரத்தில் போட்டு மூன்று மாதம் பார்த்தும் பள்ளிக்கூட நாள் போகிறது என்றால் போங்கள். வலி மாதத்துக்கு மாதம் கூடுவது, நாள் இல்லாத காலத்திலும் வலிப்பது, மலம் சிறுநீர் கழிக்கும்போது குத்துவது, முதல் மாதவிடாயிலிருந்தே கடும் வலி, ஏழு நாளுக்கு மேல் இரத்தம், ஒன்றிரண்டு மணிநேரத்தில் பேட் முழுக்க நனைவது, பெரிய பெரிய கட்டியாக விழுவது, மேடேறும்போது மூச்சு வாங்கி முகம் வெளிறிப்போவது, இவற்றில் எது இருந்தாலும் போங்கள். மாதவிடாய் 21 நாளுக்கு ஒருமுறையோ 45 நாளுக்கு ஒருமுறையோ வருவது முதல் சில வருஷம் பரவாயில்லை, மூன்று மாதம் வராமலே இருந்தால் காட்டவேண்டும்.

உடனே போகவேண்டியவை: திடீரென்று ஒரு பக்கமாகக் குத்தி வாந்தியோடு துடிப்பது (சூல்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம், குடல்வால் அழற்சியாகவும் இருக்கலாம்), காய்ச்சலோடு அடிவயிற்று வலி, மயங்கி விழுவது, மணிக்கொரு பேட் நனைவது. நாள் தள்ளிப்போய்ப் பிறகு கடும் வலி என்றால் அதுவும் அவசரம்தான், கர்ப்பம் கர்ப்பப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கியிருக்கலாம், பிள்ளையைத் திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். 1990க்குப் போன் அடியுங்கள், சுவசெரிய அம்புலன்சுக்குக் காசில்லை. லயம் வரைக்கும் ரோட்டு இல்லையென்றால் எந்தச் சந்தியில் நிற்பீர்கள் என்று சொல்லிவிட்டு அங்கே தூக்கிக்கொண்டு வாருங்கள்.

எனக்கு 15. இன்னும் பெரியவளாகலை. ஆனா மாசாமாசம் ரெண்டு மூணு நாள் அடிவயிறு வலிக்குது.

இந்தச் சீட்டைப் படித்தவுடன் யார் எழுதியது என்று வகுப்பில் கேட்கமுடியாமல் தவித்தேன். மார்பு வளர்ந்து, வளர்த்தி எல்லாம் சரியாக இருந்து, இரத்தம் மட்டும் வெளியே வராமல் மாதம் தவறாமல் வலித்தால், வரும் வழி அடைத்திருக்கலாம். பிறப்பிலேயே கன்னிச்சவ்வில் துளை இல்லாத பிள்ளைகள் உண்டு. இரத்தம் உள்ளேயே தேங்கி வயிறு கனக்கும், சிலருக்குச் சிறுநீரும் கட்டும். பெரும்பாலும் சின்ன சத்திரசிகிச்சையோடு சரியாகிவிடும், தள்ளிப்போட்டால்தான் சிக்கல். வலி இல்லாவிட்டாலும் 15 வயது வரை வராத பிள்ளையை ஒருமுறை காட்டவேண்டும்.

எண்டோமெட்ரியோசிஸ் என்றால் என்ன?

கர்ப்பப்பைக்குள் வளரும் அந்த மெத்தை போன்ற திசு, கர்ப்பப்பைக்கு வெளியே, சூல்பையிலோ குடல் மேலோ வளர்வது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் சுமார் 10% பேருக்கு இது இருக்கிறது. பதின்ம வயதிலேயே தொடங்கலாம், ஆனால் 'பொம்பளை வலி' என்று தள்ளித் தள்ளி வருஷக்கணக்கில் கண்டுபிடிக்காமல் போகிறது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்பதால் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்தால் வாய்ப்புக் கூட. இரண்டு வகை மாத்திரையும் ஆறு மாதம் பார்த்தும் கேட்காத பிள்ளைக்கு இதை யோசிக்கவேண்டும், டொக்டர் யோசிக்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

எங்கே போவது? உள்ளே கைவிட்டுப் பார்ப்பாங்களா?

கல்யாணமாகாத பிள்ளைக்கு வழக்கமாக அப்படிப் பார்ப்பதில்லை. கேள்வி கேட்பார்கள், வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார்கள், தேவையென்றால் வயிற்றின் மேலால் ஸ்கேன். அதற்கு நிறையத் தண்ணி குடித்துச் சிறுநீரை அடக்கிக்கொண்டு வரச்சொல்வார்கள்.

முதலில் உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரிடம், நம் ஆட்கள் சொல்லும் மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லுங்கள், பிள்ளை பெற்றவர்களுக்கு மட்டும் உள்ளவர் இல்லை அவர். தோட்ட டிஸ்பென்சரியில் கொஞ்சம் மாத்திரையை அள்ளிக் கொடுத்து அனுப்பினால், பெண்நோய் கிளினிக்குக்குத் துண்டு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். டிக்கோயா, நுவரெலியா, பதுளை, கண்டி அரசாங்க ஆஸ்பத்திரிகளில் காசில்லாமல் பார்க்கலாம். பஸ் காசும் ஒரு நாள் பேரும் போகும், அதனால் போகும் ஒரு தடவையை வீணாக்காமல் போங்கள்: கலண்டரில் மூன்று மாதம் குறித்து வையுங்கள், எந்தத் திகதி வந்தது, எத்தனை நாள், எத்தனை பேட், எந்த நாள் பள்ளிக்கூடம் போகவில்லை, என்ன மாத்திரை எத்தனை மணிக்கு. "சும்மா வலிக்குது டொக்டர்" என்றால் இரண்டு நிமிஷத்தில் வெளியே வருவீர்கள், அந்தக் கலண்டரை நீட்டினால் அவர் பேனாவை வைத்துவிட்டுப் பார்ப்பார்.

பாஷை இன்னொரு தொல்லை. தமிழ் தெரிந்தவர் இல்லாத அறையில் நம் அம்மாமார் வயிற்றைக் காட்டிவிட்டு நிற்பார்கள், வயிற்றுவலி என்று கேஸ் மாத்திரை கிடைக்கும். சிங்களத்தில் "மாஸ் சுத்திய" என்றால் மாதவிடாய், "படே கெக்கும" என்றால் வயிற்றுவலி. இரண்டையும் சொல்லிவிட்டால் மீதியைக் கலண்டர் சொல்லும். பிள்ளைகள் நம்மைவிட நன்றாகச் சிங்களம் பேசுவார்கள், அவளையே பேசவிடுங்கள்.

நான் தகப்பன். தாய் வெளிநாட்டில் வேலை. பிள்ளை சொல்லாது, எனக்கும் கேட்க வெட்கம். என்ன செய்ய?

கேட்கவேண்டாம். சம்பளத்துக்கு டவுனுக்குப் போகும்போது பேட் இரண்டு பக்கட், பாமசியில் கேட்டு வாங்கிய மாத்திரை ஒரு அட்டை, ஒரு சுடுதண்ணிப் பை, மூன்றையும் வாங்கி அவளுடைய அலுமாரித் தட்டில் வைத்துவிடுங்கள். எத்தனை வேளை என்று மாத்திரை உறையில் எழுதி வாங்குங்கள். முடியும்போது திரும்ப வாங்கி வையுங்கள். அவள் சுருண்டு படுத்திருக்கும் காலையில் அடுப்பில் தண்ணியைச் சுடவைத்துப் பையில் ஊற்றி, மூடி இறுக்கமா என்று தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்து, துவாயில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள்.